காதர் அண்ணன் நின்ற இடம்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அடுப்படி ஜன்னலைத் திறந்தேன். குனிந்து சிலிண்டர் பக்கம் மோந்து பார்த்தேன். வாடை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ரெகுலேட்டரைத் திருப்பினேன். மூன்று வருடமாக இப்படித்தான். பால் பொங்குவதற்குள் போன் அடித்தது. எங்கள் சைட்டின் ஸ்டோர் கீப்பர் முருகேசன்.

"அக்கா, காதர் அண்ணன் போயிட்டாருக்கா. விடியக்காலம் அஞ்சு மணிக்கி."

சிலிண்டரை மூடினேன். குழாயில் மிச்சமிருந்த வாயு எரிந்து தீர்ந்து சுடர் தானாக அவியும்வரை நின்று, பிறகு அடுப்புத் திருகை மூடினேன். அந்த வரிசையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து போடும் இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதக் கேட்டீர்கள். உங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் கோட்டைப்பட்டினத்தில் அவருடைய சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு அங்கே தெரிந்தது, விடுமுறைக்கு வந்துபோகும் காதர் மைதீன். எங்கள் காதர் அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கீரனூரைத் தாண்டி, திருச்சி சாலையில் எழும்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் நான் சைட் இன்ஜினியர். தினமும் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எட்டாவது தளம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வளைகுடா நாட்டில் பதினோரு வருடம் உயரமான கட்டடங்களில் தீக்காவல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு வேலையே கிடையாது. 'ஹெல்பர்' என்று எழுதிக்கொண்டோம். இந்த ஒரு சொல் பின்னால் என்ன செய்யப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் கட்டடத்தை அடியிலிருந்து உச்சிவரை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்ஜினியரம்மா, வெல்டிங் நடக்குறப்ப இங்க தீக்காவலுக்கு யாரு நிக்கிறது?"

"அப்படி ஒருத்தரும் இல்லண்ணே."

"அப்ப நான்தான்" என்றார். சொல்லிவிட்டுப் போய் ஒரு வாளியைத் தேடி எடுத்து, மணலை நிரப்பி, இரண்டு சாக்கைத் தண்ணீரில் முக்கி அதன் மேல் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் வாளி பாய்.

வெல்டர் சேகர்தான் அந்தப் பெயரை வைத்தது. சேகருக்கு வாய் சும்மா இருக்காது. "பாய் இன்னும் பிளேனை விட்டே எறங்கல" என்பான். ஒரு நாள் நேரடியாகவே கேட்டான்: "பாய், இந்தக் கட்டடத்துல இருக்கது சிமென்ட்டு, கம்பி, மணலு. இதுல எது பத்திக்கிரும்னு இந்த வாளியத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?"

காதர் அண்ணன் கோபப்படவில்லை. "இங்கிட்டு வா தம்பி" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். சென்ட்ரிங் அடிக்க அடுக்கி வைத்திருந்த பிளைவுட்டைத் தொட்டார். சாரத்தைச் சுற்றித் தொங்கிய பச்சை வலையை இழுத்துக் காட்டினார். ஏசிக் குழாய்களுக்குச் சுற்ற வந்திருந்த ஃபோம், டைல்ஸ் பெட்டிகளில் வந்த தெர்மாகோல், பெயின்டர்கள் மூடாமல் விட்டிருந்த தின்னர் டப்பா, அதில் நனைந்த கந்தல், நான்கு இடத்தில் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட கரண்ட் ஒயர். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இது எரியுமா எரியாதா, சொல்லு" என்றார். சேகர் ஏழெட்டு முறை "எரியும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"சிமென்ட்டு எரியாது தம்பி. ஆனா அத வீடா ஆக்குறதுக்கு நாம கொண்டாந்து போட்டிருக்கது பூராவும் எரியும். கட்டி முடிச்ச வீட்டுல தண்ணிக் குழா இருக்கும், அலாரம் இருக்கும், கதவு இருக்கும். கட்டுற வீட்டுல ஆளு மட்டுந்தான் இருக்கான்."

நான் நான்கு வருடம் கட்டடப் பொறியியல் படித்தவள். இதை எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சித்தாள் செல்லாயி அக்காவுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேறு கதை இருக்கும். ஐந்தாம் தளத்தில் மூன்று செங்கல்லை வைத்து, உடைந்த பிளைவுட்டை எரித்து மதியச் சமையல் செய்வது அவர்கள் வழக்கம். பத்தடி தள்ளி ஃபோம் சுருள்கள் கிடக்கும். நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். நான் வந்தால் அணைப்பார்கள், போனதும் மூட்டுவார்கள். காதர் அண்ணன் போய் அடுப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்னக்கா கொழம்பு?"

"நெத்திலிக் கருவாடு. எல்லாம் ஒங்க ஊருச் சரக்குதான் பாய்."

"எங்க ஊருக் கருவாட்ட இம்புட்டுப் பொகையிலயா போடுறது? கீழ வாங்க. நான் அடுப்புப் போட்டுத் தர்றேன்."

"அஞ்சு மாடி எறங்கி வர்றதுக்குள்ள பசி போயிரும்."

"பசி போனா நாளைக்கித் திரும்பி வரும்க்கா" என்றார். அவர் எழுந்து போன பிறகும் செல்லாயி அக்கா கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்தபடியே இருந்ததை நான் பார்த்தேன். மறுநாள் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று நின்றது. கல்லை அவரே சுமந்து போட்டிருந்தார்.

அவர் படிக்கட்டில் எதையும் வைக்க விடமாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூட்டையோ டைல்ஸ் பெட்டியோ படியில் இருந்தால் யாரையும் திட்டாமல் தானே தூக்கி உள்ளே வைப்பார். "முதுகு போயிரும்ணே, ஆளக் கூப்பிடுங்க" என்று நான் சொன்ன ஒரு நாள்தான் காரணத்தைச் சொன்னார். வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் கட்டுமாவடிக்காரர். அவர்கள் வேலை செய்த கட்டடத்தில் ஒரு தீ. மறுநாள் அந்த நண்பரைப் படியில் உட்கார்ந்த நிலையில் எடுத்தார்களாம்.

"சட்டையில ஒரு கருகல் இல்லம்மா. தீ அவம் பக்கத்துலயே வரல. பொகைதான். படியில மூட்ட அடுக்கியிருந்துச்சு. இருட்டுல தட்டித் தட்டி அங்கயே உக்காந்துட்டான்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு, பொறியைப் பற்றி அவர் எனக்குக் காட்டியதை முதலில் சொல்ல வேண்டும். பதினோராம் தளத்தில் குழாய்கள் போகும் டக்ட் பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. என்னை எட்டாம் தளத்துக்குக் கூட்டிப் போய், அதே டக்ட்டின் வாயருகே நிற்க வைத்தார். மேலே சேகர் பற்ற வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் பொறிகள் உள்ளே உதிர்ந்து வந்தன. ஒன்று சுவரில் பட்டுத் தெறித்து எங்கள் காலடிக்கு உருண்டு வந்தது. கறுத்துவிட்டது, அணைந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஒரு தெர்மாகோல் துண்டை அதன் மேல் வைத்தார். துண்டு அப்படியே ஓட்டை விழுந்து சுருங்கியது.

"தீ மேல ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். பொறி கீழதான எறங்கும்? மேல நிக்கிற காவலு மேலதான் பாக்கும். கீழ ஒரு ஆளு வேணும்மா. வெல்டிங் முடிஞ்சும் ஒரு மணி நேரம் அந்த ஆளு அங்கயே கெடக்கணும்."

வெல்டிங் தொடங்கும் முன் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அனுமதிச் சீட்டில் அன்று ஒரு வரியைச் சேர்த்தேன்: 'கீழ்த்தளக் காவல்.' அச்சிட்ட படிவத்தில் இல்லாததால் ஒவ்வொரு சீட்டிலும் பேனாவால் எழுதுவேன். அதன் எதிரே அவர் பெயர். நாட்கள் போகப்போக மற்ற இடங்களை நிரப்பும் முன்பே அவர் பெயரை எழுதிவிடுவேன். கை பழகிவிட்டது. எந்தத் தளமாக இருந்தாலும், கீழே போய்ப் பார்த்தால் வாளியோடு அவர் உட்கார்ந்திருப்பார். பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்க்காமலேயே தெரியும் என்று இருந்தேன்.

மகளைக் கல்லூரியில் சேர்க்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாள் விடுப்பு. வேலை நின்றுவிடக் கூடாது என்று திங்கட்கிழமை மாலையே இரண்டு நாளுக்கும் சீட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு முருகேசனிடம் கொடுத்தேன். எங்கள் தொழிலில் இதை ஒரு தப்பாகவே யாரும் நினைப்பதில்லை. விடுப்புக்கு முன் முன்கையெழுத்து என்பது மேசையைத் துடைத்துவிட்டுப் போவது மாதிரி ஒரு பொறுப்பான காரியம். காதர் அண்ணன் மேசைப் பக்கமாக வந்தார். சீட்டுகளைப் பார்த்தார்.

"இன்னிக்கி வேலைக்கி இன்னிக்கிச் சீட்டும்மா. நாளைக்கி அங்க என்ன கெடக்கும்னு ஒங்களுக்கு இப்பத் தெரியுமா?"

"ரெண்டே நாளுண்ணே."

"ஒங்க கையெழுத்து இல்லாட்டி அவங்க ஒங்களத் தேடுவாங்க. தேடுறப்பதான் வேல நிக்கும், ஒருத்தரு வந்து பாப்பாரு. கையெழுத்து இருந்துட்டா யாரு வந்து பாக்கப் போறா?"

நான் சிரித்தேன். "நீங்க இருக்கீங்கல்ல அண்ணே" என்றேன்.

அவர் தன் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "சரி, போயிட்டு வாங்க. பாப்பாவ நல்ல காலேஜா பாத்துச் சேத்துவிடுங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

புதன்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. முருகேசனும் சேகரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு டைல்ஸ் லாரி வந்தது. இறக்க ஆள் பற்றவில்லை. பதிவேட்டில் ஹெல்பர் என்று இருப்பவர்களை எல்லாம் மேனேஜர் கூப்பிட்டார். காதர் அண்ணன், "பதினொன்னுல வெல்டிங் இருக்கு சார், நான் எட்டுல நிக்கணும்" என்றார். "அரை மணி நேரந்தான் பாய். நான் வெல்டர்ட்ட சொல்லிக்கிறேன்" என்றார் மேனேஜர். சொல்லவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

மேலே சேகர் காத்திருந்தான். கீழே ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். அவனிடம் என் சீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

"பாய் பேரு இருந்துச்சுக்கா" என்றான் என்னிடம். "வாளி பாய் பேரு இருந்துச்சு. அதான் பத்த வச்சேன்." அந்தக் கேலிக்காரன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்க வேண்டாம்.

எட்டாம் தளத்தில் டக்ட் வாயருகே அன்று காலைதான் பிரித்த ஏசிப் பெட்டிகளின் தெர்மாகோல் குவிந்து கிடந்தது. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டபோது அது அங்கே இல்லை.

லாரி பக்கத்திலிருந்து புகையை முதலில் பார்த்தவர் அவர்தான். கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாராம். ஒன்பதாம் தளத்தில் இருந்த செல்லாயி அக்காவையும் இன்னொரு சித்தாளையும் ஈரச்சாக்கால் மூடிப் படி வழியாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். படியில் ஒரு மூட்டைகூட இல்லை. அதனால்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள். கீழே வந்ததும் செல்லாயி அக்கா, "பைப் வேல பாக்குற தம்பி மேல இருந்துச்சே" என்று கத்தியிருக்கிறார். அவர் மறுபடி ஏறினார். அந்தப் பைப் ஆள் அதற்குள் மறுபக்கச் சாரம் வழியாக இறங்கி, சாலையோரம் நின்று இருமிக்கொண்டிருந்தான். யார் மேலே, யார் கீழே என்று கணக்கு வைக்க எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் அவரை ஏழாம் தளத்துப் படியில், மயங்கிய நிலையில் கண்டெடுத்தார்கள். சட்டையில் கருகல் இல்லை என்று முருகேசன் சொன்னபோது, மேலே சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

வியாழக்கிழமை திருச்சி மருத்துவமனைக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே அவர் மனைவி மைமூன் உட்கார்ந்திருந்தார். என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. நான் யாரென்று சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா இன்ஜினியரம்மா? ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாக. கண்ணு முழிச்சுத்தான் இருக்காக. உள்ள போய்ப் பாருங்க."

நான் போகவில்லை. வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே நெற்றியும் நரைத்த முடியும் மட்டும் தெரிந்தன. அவர் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். "நாளைக்கி வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை போகவில்லை. சனிக்கிழமை காலையில்தான் முருகேசன் போன் செய்தான்.

அன்று மதியம் கோட்டைப்பட்டினம் போனோம். அடக்கம் முடிந்திருந்தது. பெண்கள் இருந்த அறையில் மைமூன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் விட்டார்கள். வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஒங்க கம்பெனியிலேருந்து வந்தவுக சொன்னாக. இவுக காவலுக்கு நிக்க வேண்டிய எடத்த விட்டுட்டுப் போனதாலதான் தீப் புடிச்சுச்சாம். எழுத்துல இருக்காம். வேலய விட்டுட்டுப் போற ஆளாம்மா இவுக?"

எழுத்தில்தான் இருக்கிறது. என் எழுத்து. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். அழுகையில் அதை அவர் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் டைப் செய்த ஒரு தாளைக் கொடுத்தார். புதன்கிழமை எட்டாம் தளத்தில் தீக்காவலுக்கு நியமிக்கப்பட்டவர் காதர் மைதீன் என்று அதில் இருந்தது. "சீட்டுல இருக்கதத்தாம்மா எழுதியிருக்கோம். பொய் ஒண்ணும் இல்லையே? வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வர்றாரு. ஒங்களுக்கும் இதுதான் நல்லது" என்றார். உண்மைதான், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் நான் விடுப்பில் இருந்தேன் என்பது அதில் இல்லை. லாரி வந்ததும் இல்லை. தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்கச் சொன்னீர்கள். அவருடைய வாளியை சேகர் எடுத்துப் போய்விட்டான். கேட்க எனக்கு மனமில்லை, அவனிடமே இருக்கட்டும். எனக்குக் காலையில் திறக்கும் அடுப்படி ஜன்னல் இருக்கிறது. கையெழுத்து இருந்துவிட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற அவருடைய கேள்வி இருக்கிறது. அது போகாது. அப்புறம் ஒரு புத்தகம் இருக்கிறது. கிழித்துக் கொடுத்த சீட்டுகளின் கார்பன் நகல் தங்கியிருக்கும் சீட்டுப் புத்தகம். செவ்வாய், புதன் சீட்டுகள் இரண்டும் திங்கட்கிழமைச் சீட்டுக்கு அடுத்தடுத்த எண்களில், ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதோடு என் விடுப்புக் கடிதத்தின் பிரதி. இரண்டும் என் அலமாரியில் புடவைக்கு அடியில் இருக்கின்றன.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது வியாழக்கிழமை கடந்திருக்கும். இதை எழுதும் இந்த நேரத்தில் என் கணவருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, முருகேசனுக்கும் தெரியாது. முருகேசனையும் சேகரையும் சாட்சிக்கு நான் கூப்பிடப் போவதில்லை. வருவது அவர்கள் விருப்பம். நான் போவேன். புத்தகத்தை அதிகாரியின் மேசையில் வைத்து, அந்தப் பெயரை எழுதியது நான், அவரைக் கேட்காமல் எழுதினேன், அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் சீட்டுகளைத் திரும்ப வாங்கவில்லை, அவர் எட்டாம் தளத்துக்குத்தான் போகப் பார்த்தார் என்று சொல்வேன். வேலை போகும். வழக்கும் வரலாம். வரட்டும்.

அதன் பிறகு கோட்டைப்பட்டினம் பஸ் ஏறுவேன். மைமூன் கேட்டதற்கு இன்னும் நான் வாய் திறந்து பதில் சொல்லவில்லை.